ஏரித் துரோகியின் மகள்

ஐப்பசித் திங்கள் வளர்பிறைத் துவாதசியன்று, கதிரவன் மேற்கு மலைகளுக்குப் பின்னால் மறைந்தானா, மேகக் குவியலுக்குள்ளேயே மூழ்கிப்போனானா என்று சொல்ல முடியாத அந்தி வேளையில், பெண்ணையாற்றின் வடகரையிலிருந்த ஓடத்துறைக்கு வாசகர்களை அழைத்துச் செல்கிறோம். மலைநாட்டு மழையையெல்லாம் வாரிக்கொண்டு வந்த நதி செம்மண் நிறத்தில் நுரை கக்கி ஓடிற்று. கரையோர மருத மரங்கள் இடுப்பளவு நீரில் நின்று நடுங்கின. கீழ்வானில் முகில்கள் சற்றே விலகிய இடத்தில் வெண்ணிலா ஒரு கணம் எட்டிப் பார்ப்பதும், அந்த ஒரு கணத்துக்குள் ஆறு முழுவதும் வெள்ளி பூசியதுபோல் மின்னுவதும், மறுகணமே மீண்டும் இருண்டு சாரல் அடிப்பதுமாயிருந்தன.

துறையில் ஓலைக்குடைகளைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நூறு நூற்றைம்பது பேர் ஓடத்துக்குக் காத்திருந்தார்கள். அனைவரும் குருந்தநல்லூர் யாத்திரிகர்கள். சோழப் பேரரசுக்குட்பட்ட குறும்பொறை நாட்டின் தலைநகரான அந்தப் பழம்பதியில், ஐப்பசி முழுநிலவன்று குருந்தவனநாதரின் திருமேனி முழுவதையும் வெண்சோற்றால் மூடி அபிடேகம் செய்வார்கள். அந்தச் சோற்றை நாடாளும் மன்னர் நிகரிலி அரையரே தம் கையால் யாத்திரிகர்களுக்கு அள்ளி இடுவார். அதை வாங்கி உண்பதற்காக நனைந்தும் நடுங்கியும் வழிநடைப் பாடல் பாடிக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தில், ஒருத்தி மட்டும் வாய் திறக்கவில்லை.

அவள் பெயர் பூதிநங்கை. வயது இருபதுக்கு மேல் இராது. மழைநீர் வழிந்த அந்த முகத்தின் அழகைப் பற்றி நாலு வரி எழுதலாம்தான். ஆனால் அன்று அவளைப் பார்த்தவர்களுக்கு அழகு கண்ணில் படவில்லை. இறுக மூடிய உதடுகளும் புருவ நெரிப்புமே பட்டன.

"இந்தா தாயீ, நீ கல்லு எடுத்துக்கலையா?" என்று பக்கத்திலிருந்த செக்காரத் தெரு அமுதியம்மாள் தன் முந்தானையை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே கூழாங்கற்கள். "நாளைக் கழிச்சு கூவிளம்பேரிக் கரையிலே எறியணுமே! அங்கே வெறுங் களிமண்ணு. கல்லே அகப்படாது."

"எதன்மேல் எறிய வேண்டும்?" என்று பூதி கேட்டாள்.

"அடி ஆத்தே, புதுசா வரியா? துரோகிக் கல்லு மேலதான்! போன ஐப்பசியிலே பகையாளியோட சேர்ந்துக்கிட்டுப் பேரேரிக் கரையை வெட்டி, அறுபது வீட்டையும் வெள்ளத்திலே மூழ்கடிச்சானே சாத்தன் கண்டன், ஏரி வாரியத் தலைவனாம் தலைவன்! அவன் பேரை மன்னர் கல்லிலே வெட்டி வழியிலே நட்டு வெச்சிருக்காரு. அவன்மேல ஒரு கல்லு எறிஞ்சாத்தான் யாத்திரை பூர்த்தியாகும்."

பூதி கையை நீட்டி ஒரு கல்லை வாங்கிக்கொண்டாள். விரல் நகங்கள் உள்ளங்கையில் புதையும்படி அதை இறுக்கினாள். பிறகு ஆற்றின் நடுவே, தன் பலமெல்லாம் கூட்டி விட்டெறிந்தாள்.

"நதி என்ன குற்றம் செய்தது, அம்மணி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். நெடிய உருவமும் கருகருவென்ற தாடியும் நெற்றியில் ஆறிய வெட்டுக் காயமும் கொண்ட ஒரு வாலிபன் தோளில் மூட்டையோடு நின்றான்.

"நதி ஒன்றும் செய்யவில்லை. கல்லெறிபட வேண்டியவர் இன்னும் தொலைவில் இருக்கிறார்" என்றாள் பூதி.

வாலிபன் அவளை ஒரு கணம் உற்று நோக்கினான்.

வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். சாத்தன் கண்டனின் மகள்தான் பூதிநங்கை. சென்ற ஆண்டு அவள் தாய்மாமன் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்த நான்கு நாட்களில் அவளுக்கு ஊர் இல்லாமற்போயிற்று. தந்தை, தாய், தம்பி எல்லாரும் இல்லாமற்போயினர். அழுது முடிப்பதற்குள் தந்தை துரோகி என்ற செய்தியும் வந்து சேர்ந்தது. மழைக்காலத்தில் ஒரு நாளேனும் வீட்டில் படுத்தறியாமல் கரைமேலேயே குடிசை போட்டுக் காவல் கிடந்தவரா கரையை வெட்டினார்? 'மன்னரின் கையிலிருந்து சோறு வாங்கும் இடத்தில் நின்று, நாடே கேட்க அவரிடம் இதைக் கேட்பேன்' என்று தீர்மானித்து அவள் புறப்பட்டிருந்தாள். கையில் சான்று ஒன்றும் கிடையாது. சினம் மட்டுமே இருந்தது.

ஓடத்தில் ஏறி அக்கரை சேர்ந்த பின், மறுநாள் முழுவதும் மழை விடவில்லை. வரப்பெது வாய்க்காலெது என்று தெரியாமல் வயல்களெல்லாம் ஒரே நீர்ப்பரப்பாகிக் கிடந்தன. தாழை மடல்களின் மணமும் அழுகிய வைக்கோலின் வாடையும் கலந்து வீசின. தாடிக்கார வாலிபன் தன்னை உப்பு வணிகன் என்றும், பெயர் விடங்கன் என்றும் சொல்லிக்கொண்டான். ஆனால் உப்பு வணிகனுக்கு இல்லாத பல வித்தைகள் அவனிடம் இருந்தன. யாத்திரிகர்கள் தங்கிய சாவடிக்குள் வெள்ளம் புகுந்தபோது, தரையின் சரிவை ஒரே பார்வையில் அளந்து, உடைந்த கலப்பைக் கொழுவால் கால் நாழிகைக்குள் ஒரு வடிகால் வெட்டி நீரைத் திருப்பிவிட்டான். கால் பிசகிய முதியவர் ஒருவரை இரண்டு காதம் முதுகில் சுமந்தான். உலர்ந்திருந்த ஒரே மூலையைப் பூதிக்கு விட்டுவிட்டு வெளியே நனைந்துகொண்டு உட்கார்ந்தான்.

"எல்லாரும் பாடுகிறார்கள். தாங்கள் மட்டும் பாடுவதில்லையே?" என்று அன்று மாலை கேட்டான்.

"பாட வாயைத் திறந்தால் வேறு சொற்கள் வந்துவிடும்."

"அந்தச் சொற்களைக் கேட்கத் தகுந்தவன் என்று என்னை எப்போதாவது கருதினால் சொல்லுங்கள்."

ஓராண்டாக யாரும் அவளிடம் அவ்விதம் பேசியதில்லை. இறுகியிருந்த அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று சற்றே நெகிழ்ந்தது. அதை உணர்ந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆயினும் மூன்றாம் நாள் காலை கூட்டத்தில் விடங்கனின் தலை தென்படாத போதெல்லாம் அவள் கண்கள் தாமாகவே அவனைத் தேடின.

சதுர்த்தசி பிற்பகலில் கூவிளம்பேரி வந்தது.

பேரேரி கரை ததும்பக் கடல்போல் கிடந்தது. கரையின் மேற்குப் பகுதியில் புதிதாக அடைக்கப்பட்ட உடைப்பு, ஆறாத புண்ணைப்போல் சிவந்து தெரிந்தது. அதற்குக் கீழே ஊர் இருந்த இடத்தில் கோரைப்புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. கரையின் தலைப்பில் நின்றது அந்தக் கல். 'ஏரித் துரோகி சாத்தன் கண்டன்' என்ற எழுத்துகள் சேறும் எச்சிலும் படிந்து பாதி மறைந்திருந்தன.

யாத்திரிகர்கள் ஆரவாரித்தார்கள். கற்கள் பறந்தன; கல் இல்லாதவர்கள் சேற்றை உருட்டி எறிந்தார்கள். அமுதியம்மாள் நாலு கற்களையும் குறி தவறாமல் எறிந்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூதியின் கண்களுக்கு முன்னால் எல்லாம் சிவப்பாயிற்று. "நிறுத்துங்கள்!" என்று கத்த வாயெடுத்தாள்.

அதற்குள் விடங்கன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிப்போய்க் கல்லுக்கு முன்னால் நின்றான். சேற்றுருண்டை ஒன்று அவன் மார்பில் பட்டது. கல்லொன்று தோளைக் கிழித்தது. அவன் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. யாத்திரிகர்கள் திகைத்து, "யாரோ பித்தன்!" என்று ஏசிவிட்டு, மழை வலுக்கவே கூட்டத் தலைவர் சொற்படி கரைவழியே மேலே நடந்தார்கள். கல்லருகில் இருவர் மட்டும் நின்றார்கள்.

பூதி அவனருகே வந்தாள். "ஐயா! இந்த நாட்டில் இதைச் செய்ய ஒருவராவது இருக்கிறீரே! நான் யார் என்று உமக்குச் சொல்லவில்லை. இந்தக் கல்லில் இருப்பது என் தந்தையின் பெயர்."

விடங்கனின் முகம் பிணம்போல் வெளுத்தது. இரண்டடி பின்வாங்கினான். பிறகு, சேற்றில் அவள் முன் மண்டியிட்டான்.

"அப்படியானால் நான் இனி ஒரு கணமும் மறைக்கக் கூடாது. நான் உப்பு வணிகன் அல்லன். குறும்பொறைப் படையின் நாயகர் மழவன் கொற்றரிடம் நாற்பது வீரர்களுக்குத் தலைவனாக இருந்தவன். சென்ற ஐப்பசியில் ஏரி கிழக்கே உடைந்தால் தலைநகரம் மூழ்கும் என்றார்கள். மேற்குக் கரையை வெட்டச் சொல்லி என்னை அனுப்பினார்கள். ஊரைக் காலி செய்தாயிற்று என்று கொற்றர் வாக்குக் கொடுத்தார். தங்கள் தந்தை கரையில் குறுக்கே படுத்துக்கொண்டார். 'உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு நாழிகை கொடு, பறையடித்து எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டு நானே வெட்டித் தருகிறேன்' என்று கெஞ்சினார். நான் நம்பவில்லை. அவரைப் பிடித்துக் கட்டச் சொன்னேன்."

பூதியின் கண்கள் கீழே கோரை மண்டிக் கிடந்த ஊரின் பக்கம் திரும்பின.

"அந்தி நேரம். கீழே விளக்குகள் தெரிந்தன, அம்மணி. நான் பார்த்தேன். பார்த்தும், ஆணை என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். நீர் பாய்ந்ததும் தங்கள் தந்தை கட்டை அறுத்துக்கொண்டு ஊருக்குள் ஓடினார். கூவிக்கொண்டே ஓடினார். பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை."

பூதியின் கை அவளை அறியாமலே, யாரோ எறிந்து கீழே கிடந்த கருங்கல் ஒன்றை எடுத்தது. மண்டியிட்டிருந்தவன் தலை குனிந்து கழுத்தைக் காட்டினான்.

"உன்னைப் பார்த்து என் மனம் இளகிற்றே! அந்த மனத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவேன்?" என்று அவள் கூவினாள். மழையை மீறி அந்தக் குரல் ஏரியின் அக்கரையில் மோதித் திரும்பியது.

அந்தக் கல் விழுந்திருக்கும். விழாமற் செய்தது விடங்கன் மடியிலிருந்து எடுத்து நீட்டிய ஒரு சிறு ஓலைச்சுருள்.

"கொற்றரின் பாசறையிலிருந்து இதைத் திருடிக்கொண்டு ஓடினேன். மன்னரின் முத்திரை இட்டது. குருந்தநல்லூர்க் கோயிலில் மக்கள் முன்னிலையில் இதைப் படித்துவிட்டுத் தண்டனை பெற வேண்டுமென்றே இந்தக் கூட்டத்தோடு வந்தேன். என்னைக் கொன்றபின் இதைத் தாங்கள் கொண்டு போங்கள்."

பூதி ஓலையைப் பிரித்தாள். தந்தை கற்பித்த எழுத்து, படிக்கத் தெரியும். படித்து முடித்ததும் கையிலிருந்த கருங்கல்லைக் கீழே போட்டாள். அது இரக்கத்தால் அன்று.

"ஓலை மட்டும் போனால் பொய்யோலை என்பார்கள். வெட்டியவன் வாயே சொல்ல வேண்டும். நாளை மாலைவரை உன் உயிர் உன்னுடையது அல்ல, என்னுடையது. அதற்குமுன் சாக உனக்கு உரிமை இல்லை. எழுந்திரு!"

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் கரையின் வடகோடியில் குளம்போசை கேட்டது. எட்டுக் குதிரைகள். முன்னால் வந்தவன் படைநாயகன் மழவன் கொற்றனேதான். ஓலையோடு ஓடியவனைத் தேடித் திரிந்தவன், கல்லின் முன்னால் நின்ற பித்தனைப் பற்றி யாத்திரிகர்களிடம் விசாரித்தறிந்து வந்த வேகம் அது.

விடங்கன் இடையில் மறைத்திருந்த குறுவாளைத் தொட்டான். "தாங்கள் ஓடுங்கள். நான் தடுக்கிறேன்."

"தடுத்துச் செத்துப் புகழ் தேடிக்கொள்ளப் பார்க்கிறாயா? என் பின்னால் வா!"

கரைக்குத் தெற்கே, ஏரியின் மிகைநீர் வழிந்து விழும் கலிங்கு பேரிரைச்சலோடு நுரைத்துக்கொண்டிருந்தது. நூறடி அகலம், முழங்காலுக்கு மேல் பாய்ந்த நீர், சறுக்கினால் கீழே பாறை. பூதி தயங்காமல் அதற்குள் இறங்கினாள். நீருக்கடியில் எந்தக் கல் நிலையானது, எது பாசி பிடித்தது என்று ஐந்து வயதில் தந்தையின் தோளில் இருந்தே கற்றவள் அவள். "இடக்கால்... இரண்டடி முன்னே... இப்போது வலம்!" என்று ஒவ்வொரு அடிக்கும் அதட்டினாள். தன் வாழ்வைச் சிதைத்தவனின் மணிக்கட்டை இறுகப் பற்றி இழுத்துக்கொண்டு போனாள். நடுவில் அவன் கால் வழுக்கிற்று. ஒரு கணம் அவன் முழுப் பாரமும் அவள் கையில் தொங்கியது. விட்டுவிட்டால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து நிறுத்தினாள்.

பின்னால் கொற்றன் குதிரையைக் கலிங்குக்குள் செலுத்தினான். குதிரை நான்காவது அடியில் பாசிக்கல்லில் கால் வைத்துக் கனைத்துச் சரிந்தது. கொற்றன் குதிரையோடு உருண்டு, வீரர்கள் எறிந்த கயிற்றைப் பிடித்துக் கரையேறுவதற்குள், அக்கரைக் கோரைக்காடு இருவரையும் விழுங்கிவிட்டது.

மறுநாள் மாலை. குருந்தநல்லூரின் நெடிய மதில்களும் ஏழு நிலைக் கோபுரமும் மழை ஓய்ந்த வானத்தில் கழுவித் துடைத்தாற்போல் விளங்கின. கீழைக் கோபுரத்துக்கு மேலே முழுநிலவு, வெண்சோற்று அபிடேகத்தைக் காண வந்ததுபோல் எழுந்துகொண்டிருந்தது. திருமுற்றத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசை வரிசையாக வாழையிலை விரித்து அமர்ந்திருந்தார்கள். கோரைக்காட்டில் இரவைக் கழித்த பூதியும் விடங்கனும், காவலர் கண்ணில் படாமல் அந்தக் கூட்டத்தோடு கலந்து உள்ளே நுழைந்திருந்தார்கள். பட்டாடை உடுத்து, நரை கலந்த குடுமியோடு, நிகரிலி அரையர் தம் கையாலேயே சோறிட்டுக்கொண்டு வந்தார். சாந்தமான முகம். பூதியின் இலைக்கு முன் வந்து குனிந்தார்.

பூதி இலையின்மேல் இரு கைகளையும் விரித்து மூடினாள்.

"என்ன அம்மா, பிரசாதம் வேண்டாமா?"

"வேண்டாம். நான் கூவிளம்பேரி சாத்தன் கண்டனின் மகள்."

அகப்பை நடுவானில் நின்றது. சுற்றிலும் சலசலப்பு. காவலர் இருவர் முன்னால் பாய்ந்தனர். அரையர் கையமர்த்தினார். கூட்டம் பார்க்கிறது என்பதை மறக்காதவர் அவர்.

பூதி எழுந்து நின்று ஓலையைப் பிரித்து உரத்துப் படித்தாள். "'மேலைக் கரையை அந்திக்குள் வெட்டுக. ஊரார் அறிந்தால் தடுப்பர். ஆகவே ஊரார் அறியாவண்ணம் வெட்டுக.' இந்த முத்திரை யாருடையது, அரையரே?"

"பொய்யோலை!" என்று யாரோ அதிகாரி கத்தினார்.

"பொய்யல்ல. வெட்டியவன் நான்" என்று தூணருகிலிருந்து விடங்கன் முன்னால் வந்தான். தலைப்பாகையைக் கழற்றி எறிந்தான். "நாற்பதின்மர் தலைவன் ஆதன் விடங்கன். அரண்மனைக் காவலர்களுக்கு என் முகம் தெரியும். தடுக்க வந்த ஏரி வாரியத் தலைவரைக் கட்டிப்போட்டவனும் நான்தான்."

அரையர் தாழ்ந்த குரலில், "பெண்ணே! அன்று வெட்டாமலிருந்தால் இந்த நகரத்தில் பதினாயிரம் பேர் மாண்டிருப்பார்கள். ஆள்பவனின் துயரம் உனக்குத் தெரியாது" என்றார்.

"பதினாயிரம் பேர் பிழைத்ததற்கு நான் சினக்கவில்லை!" என்றாள் பூதி. அவள் குரல் மதில்களில் மோதியது. "என் தந்தையைக் கேட்டிருந்தால் அவரே மண்வெட்டி எடுத்திருப்பார். அவர் கேட்டது ஒரு நாழிகை! பறையடிக்க ஒரே ஒரு நாழிகை! எங்களுக்கு அதைக்கூடக் கொடுக்க மனம் வரவில்லை உமக்கு. கொன்றீர், போகட்டும். கொன்ற பழியைச் செத்தவர்மேல் வெட்டி வைத்து, வருவோர் போவோரையெல்லாம் கல்லெறிய வைத்தீரே, அது எந்த நகரத்தைக் காப்பதற்கு?"

அப்போது வரிசையில் ஒரு சலனம் உண்டாயிற்று. அமுதியம்மாள் சோறிட்ட தன் இலையைக் கண்ணீரோடு ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தாள்.

"நாலு கல்லு எறிஞ்சேனே, பாவி! நாலும் பட்டுதே! இந்தச் சோறு எனக்கு எறங்காது சாமி!"

பக்கத்திலிருந்தவர் எழுந்தார். அதற்கடுத்தவர் எழுந்தார். சற்றைக்கெல்லாம் திருமுற்றம் முழுவதும் எழுந்து நின்றது. பசியோடு நான்கு நாள் நடந்து வந்த அத்தனை பேரில் ஒருவரும் சோற்றைத் தொடவில்லை. ஒரு சத்தமும் இல்லை. நிகரிலி அரையர் எத்தனையோ போர்களைக் கண்டவர். அந்த மௌனம் அவருக்குப் புதிது. அகப்பையைக் கீழே வைத்தார்.

"ஓலை என்னுடையது; ஆணையும் என்னுடையது. சாத்தன் கண்டன் குற்றமற்றவர்" என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். "இந்த இறைவன்மேல் ஆணை. நாளை வெறுங்காலோடு நடந்து சென்று அந்தக் கல்லை என் கையால் பெயர்ப்பேன். அதுவரை எனக்கும் இந்தச் சோறு இல்லை." பிறகு விடங்கனைச் சுட்டி, "இவன் தண்டனையை நீயே சொல், அம்மா. தலை வேண்டுமானால் தலை" என்றார்.

விடங்கன் ஏற்கெனவே மண்டியிட்டிருந்தான். அவன் முகத்தில் அச்சமில்லை; ஒருவித நிம்மதியே தெரிந்தது. அந்த நிம்மதியைக் கண்டதும் பூதிக்கு அடங்காத ஆத்திரம் மூண்டது.

"சாவா? நன்றாயிருக்கிறது! இவர் செத்துத் தூங்குவார், நான் விழித்துக் கிடப்பதா?" என்றாள். அவன் எதிரே வந்து நின்றாள். "அந்த அறுபது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று அறிந்தவள் இன்று நான் ஒருத்திதான். ஒவ்வொரு பெயராகச் சொல்வேன். ஒன்று விடாமல் நீர் நெஞ்சில் பதிக்க வேண்டும். உயிரோடிருக்கும்வரை ஒவ்வோர் ஐப்பசியும் ஆற்றங்கரையிலிருந்து இந்த வாசல்வரை, மழையானாலும் இடியானாலும், கூட்டத்துக்கு முன்னால் அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு பெயர் தவறினால் திரும்பிப் போய் ஆற்றங்கரையிலிருந்து தொடங்க வேண்டும். சம்மதமா?"

விடங்கனின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. ஈரத் தரையில் உள்ளங்கையைப் பதித்து, "சத்தியம்" என்றான்.

"சொல்லும். வடக்குத் தெரு, முதல் வீடு. குயவர் நக்கன் மாறனார். அவர் மனைவி சேந்தி. மகள் பொன்னி, ஏழு வயது."

"குயவர் நக்கன் மாறனார். அவர் மனைவி சேந்தி. மகள் பொன்னி..."

"ஏழு வயது."

"ஏழு வயது" என்றான் விடங்கன்.

"குரல் போதாது. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொல்லும்" என்றாள் பூதிநங்கை.